ஒரு மாதிரி ஏரியா

சென்னையை விட்டுத் திருச்சிக்குக் குடிபோகிறோம் என்று உறவுக்காரர்களிடம் சொன்ன அன்றே எங்களுக்கு ஒரு மாமா கிடைத்துவிட்டார். வீடு கிடைக்க அதற்கப்புறம் இரண்டு மாதம் ஆனது.

மனைவிக்குச் சித்தப்பா முறை, எனக்கு மாமா. "வீடு எப்படி வேணா இருக்கட்டும் மாப்பிள்ளை, ஏரியாதான் முக்கியம். அதை என்கிட்ட விட்டுடுங்க" என்று போனில் சொன்னவர், மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் நாங்கள் வந்து இறங்கிய காலை ஜங்ஷன் வாசலில் டிவிஎஸ் எக்ஸெல்லோடு நின்றிருந்தார். முன்னால் மாட்டியிருந்த பையில் தண்ணீர் பாட்டில், குடை, ஒரு டார்ச் லைட். பகலில் டார்ச் எதற்கு மாமா என்று கேட்டேன். "ஏரியா பாக்கப் போறோம்ல" என்றார்.

ஊருக்கு ஊர் இந்த மாமா உண்டு. ஆனால் எல்லா ஊரிலும் செழிக்க மாட்டார். சென்னையில் அடுத்த ஏரியா எப்படி என்று யாருக்கும் தெரியாது, தெரியாதென்று சொல்ல யாரும் வெட்கப்படுவதும் இல்லை. கிராமத்தில் எல்லாருக்கும் எல்லாம் தெரியும், அதனால் கேட்க ஆளில்லை. திருச்சி, சேலம், திருநெல்வேலி மாதிரி நடுவாந்திர ஊர்தான் இவருக்கு ஏற்ற மண். ஊர் முழுக்கத் தெரியும் என்று சொன்னால் நம்பும் அளவுக்குச் சின்னது. தப்பாகச் சொன்னாலும் மாட்டிக்கொள்ளாத அளவுக்குப் பெரியது.

சர்க்கார் கணக்கைப் பார்த்து முடிவு செய்யலாமே என்று நானும் முயன்றேன். தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் தலையணை கனத்தில் ஓர் அறிக்கை போடுகிறது. அதில் தனியாக எடுத்து அலசுவது 20 லட்சம் பேருக்கு மேல் வாழும் 19 பெருநகரங்களை. தமிழ்நாட்டிலிருந்து சென்னையும் கோயம்புத்தூரும் அந்த வரிசையில் உண்டு, திருச்சிக்கு இடமில்லை. இருந்தாலும்தான் என்ன, எந்தத் தெருவில் ராத்திரி செருப்பை வெளியே விடலாம் என்று எந்த அறிக்கையிலும் போடமாட்டார்கள். அந்தக் காலி இடத்தில்தான் மாமா நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்.

மாமா மின்வாரியத்தில் ரீடிங் எடுத்து ஓய்வு பெற்றவர். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் திருச்சியில் அவர் ஏறாத படியில்லை, எட்டிப் பார்க்காத மீட்டர் பெட்டியில்லை. எந்த வீட்டில் வெள்ளை அட்டையை ஆணியில் மாட்டியிருப்பார்கள், எந்த வீட்டில் அரிசி டப்பாவுக்கு அடியில் தேடுவார்கள் என்பது வரை தெரியும். ஆகவே அவர் சொல்வது எல்லாமே அனுபவம். ஒரு ஏரியாவுக்கு ஒரே ஓர் அனுபவம் என்பதுதான் சிக்கல்.

தென்னூரில் 1986-ல் ஒரு நாய் அவரைக் கடித்தது. அந்தக் காலத்து வைத்தியப்படி தொப்புளைச் சுற்றி 14 ஊசி. அந்த நாய் போய்ச் சேர்ந்து முப்பது வருஷத்துக்கு மேல் இருக்கும். மாமா இன்னும் மன்னிக்கவில்லை. எக்ஸெல் தென்னூர் பக்கம் திரும்பும்போதெல்லாம் ஒரு கை தானாகச் சட்டைப் பொத்தானுக்கு மேலே வயிற்றைத் தடவும். "நாய் ஏரியா மாப்பிள்ளை." தென்னூர் போயிற்று. பாலக்கரையில் டீ குடிக்கப் போன ஐந்து நிமிஷத்தில் சைக்கிள் டைனமோவைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். பாலக்கரையும் போயிற்று. பொன்மலை ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கிக் கொண்டிருந்தபோது சட்டைப் பையிலிருந்து 40 ரூபாய். பொன்மலையில் அத்தனை பெரிய ரயில்வே பணிமனை இருந்து என்ன, 40 ரூபாய் திரும்பி வரவில்லையே.

சரி, பிடித்த ஏரியாவை எப்படிக் கண்டுபிடிப்பார்? அதற்குச் சோதனை முறைகள் வைத்திருந்தார். தெருவுக்குள் நுழைந்ததும் வண்டியை ஓரங்கட்டி முதலில் காம்பவுண்டுச் சுவர்களைப் பார்ப்பார். சுவர் உச்சியில் கண்ணாடிச் சில்லு பதித்திருந்தால், "பாத்தீங்களா, திருடன் வந்துட்டுப் போயிருக்கான்." சில்லு இல்லாவிட்டால், "இனிமேதான் வருவான்." 'நாய்கள் ஜாக்கிரதை' பலகை இருந்தால் உள்ளே நாய் இல்லை என்று அர்த்தம். பலகை இல்லாவிட்டால் மறுபடி அந்தக் கை வயிற்றுக்குப் போகும். தெருவில் நாலு பேர் நின்று பேசிக்கொண்டிருந்தால் தலையை ஆட்டுவார்: "எந்நேரமும் ஆளுங்க. யார் வர்றான் யார் போறான்னே தெரியாது." அடுத்த தெருவில் ஈ காக்காய் இல்லை. அதற்கும் அதே தலையாட்டல்: "ஆள் நடமாட்டமே இல்ல மாப்பிள்ளை. வெட்டிப் போட்டாலும் கேக்க நாதி இருக்காது."

டாஸ்மாக்குக்குத் தனிக் கணக்கு. மாநகராட்சிக்குள் கோயில், பள்ளிக்கூடத்திலிருந்து 50 மீட்டர் தள்ளிக் கடை இருக்கவேண்டும் என்பது 2003-ம் வருஷத்து விதி. மாமா அதை நம்புவதில்லை. கடை வாசலிலிருந்து வீட்டு வாசல் வரை அவரே காலால் அளப்பார். அளந்துவிட்டு, "கடைக்குப் போறவன் நேரா நடப்பான், திரும்பி வர்றவன் வளைஞ்சு வளைஞ்சு வருவான். ரெண்டையும் கூட்டிப் பாதியா வகுக்கணும்" என்றார். இதில் ஒரு கணித நியாயம் இருப்பதாக இன்றும் எனக்குச் சந்தேகம்.

சத்திரம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் வசதியாக ஒரு வீடு வந்தது. ஊரே விழித்திருக்கும் இடம், பயமில்லையே என்றேன். மாமாவுக்கு அந்தப் பேச்சுக்காகவே காத்திருந்தமாதிரி முகம் மலர்ந்தது. "2019 காந்தி ஜெயந்தி மறந்துபோச்சா? இதே சத்திரத்துலதான் நகைக்கடைச் சுவத்துல ஓட்டை போட்டு, பொம்மை முகமூடி மாட்டிக்கிட்டு உள்ள போய் அள்ளிட்டுப் போனான். கோடிக்கணக்குல! பெரிய கடை, கேமரா, காவல், எல்லாம் இருந்துச்சு."

"நம்ம வீட்டுல எடுக்க என்ன மாமா இருக்கு?"

"அது சுவத்தை உடைக்கிறவரைக்கும் அவனுக்குத் தெரியாதுல்ல?"

இதையெல்லாம் கேட்டுச் சிரித்துவிட்டுப் போய்விடலாம். ஆனால் மாமாவிடம் ஒரு வார்த்தை இருந்தது. நாய்க்கும் டைனமோவுக்கும் காரணம் சொல்லிவிடுவார். காரணம் சொல்ல முடியாத இடங்களில் அந்த வார்த்தை வரும். குரல் இறங்கும், வண்டி வேகம் கூடும். "இது ஒரு மாதிரி ஏரியா மாப்பிள்ளை."

ஒரு நாள் விடாமல் கேட்டேன். "என்ன மாதிரி மாமா?"

"அதான்... ஒரு மாதிரி."

"அடிதடியா? திருட்டா?"

"சேச்சே, அதெல்லாம் இல்ல." சுற்றும் முற்றும் பார்த்தார். சிக்னலில் எங்கள் பக்கத்தில் நின்ற ஆட்டோக்காரர் கேட்டுவிடக் கூடாது என்று என் காதருகே வந்தார். "எல்லாரும் இருக்காங்க."

"எல்லாரும்னா?"

"எல்லாரும்தான்."

சிக்னல் விழுந்தது. எல்லாரும் இருக்கிற ஏரியாவைத் தாண்டிப் போனோம். நல்ல அகலமான தெரு. ஒரு பள்ளிவாசல், ஒரு மாதா கோயில், ஒரு முனீஸ்வரன், ஒரு சலூன். சலூன் வாசலில் ஒருவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பயங்கரமாக எதையும் படித்ததாகத் தெரியவில்லை.

மாமாவின் பாதுகாப்பு என்பதில் முக்கால்வாசி, பக்கத்து வீட்டில் யார் இருக்கக் கூடாது என்பதுதான். அதை நேராகச் சொல்ல அவருக்கு நாக்கு கூசும், நல்ல மனுஷர். கூசாமல் சொல்லத்தான் இந்த 'ஏரியா' என்ற சொல் உதவியிருக்கிறது. இதே கணக்கு எதிர்ப்பக்கத்திலிருந்தும் ஒரு முறை போடப்பட்டது. ஆற்றுக்கு அந்தப் பக்கம், மாமாவே "பாதுகாப்புன்னா இதான்" என்று நெஞ்சைத் தொட்டுச் சொன்ன ஒரு தெரு. வீட்டுக்காரர் மோர் கொடுத்தார். சொந்த ஊர் எது என்றார். நான்வெஜ் சமைப்பீர்களா என்றார். அப்பா பெயர் கேட்டார், தாத்தா பெயர் கேட்டார், குலதெய்வம் எங்கே என்றார். வீட்டைப் பற்றி நாங்கள் கேட்டதைவிட எங்களைப் பற்றி அவர் கேட்டது அதிகம். கடைசியில் "யோசிச்சுச் சொல்றேன்" என்று கதவு வரை வந்து வழியனுப்பினார். காவிரிப் பாலம் தாண்டும் வரை மாமா வாயைத் திறக்கவில்லை. அந்தத் தெருவுக்கு நாங்கள் ஒரு மாதிரி என்று இரண்டு பேருக்குமே புரிந்திருந்தது, மோர் நன்றாக இருந்தது என்பதைத் தவிர அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

அப்புறம் கோரையாற்றுப் பக்கம் ஒரு நகர். மாமாவுக்கு மிகவும் பிடித்துவிட்டது. எல்லாம் உத்தியோகஸ்தர் வீடுகள், தெரு முனையில் சங்கப் பெயர்ப்பலகை, பூங்காவில் எட்டு போட நடைபாதை. வீட்டு ஹாலில் தரையிலிருந்து இடுப்பளவு வரை ஒரு பச்சை, அதற்கு மேல் வேறொரு பச்சை. டிசைனா என்று கேட்டேன். எதிர்வீட்டுத் தாத்தாதான் உண்மையைச் சொன்னார்: 2005 நவம்பர். கோரையாற்றுத் தண்ணீர் ராத்திரியில் கதவைத் தட்டாமல் உள்ளே வந்து, பிரிட்ஜைத் தூக்கிச் சமையலறையிலிருந்து பெட்ரூமுக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டுப் போனதாம். மாமா அசரவில்லை. "தண்ணி வேற கணக்கு மாப்பிள்ளை. அது நல்லவங்க வீட்டுக்குள்ளயும் வரும்."

உறையூர் வீட்டை நாங்களாகத்தான் கண்டுபிடித்தோம். மாடி போர்ஷன், கீழே வீட்டுக்கார அம்மா. வாடகை கைக்கு அடக்கம். மாமாவை அழைத்துக் காட்டியபோது அவர் வண்டியிலிருந்து இறங்கவே இல்லை. எக்ஸெல்லை ஸ்டாண்ட் போடாமல் இரண்டு காலையும் ஊன்றி நின்றபடியே தீர்ப்புச் சொன்னார்.

"சந்துக்குள்ள சந்து. இந்தப் பக்கம் நுழைஞ்சவன் அந்தப் பக்கம் வெளிய வந்துடுவான். தொரத்திப் பிடிக்க முடியாது."

"பழைய ஊர் மாமா, சோழர் தலைநகர்."

"அதேதான் நானும் சொல்றேன். சோழனே காலி பண்ணிட்டுப் போயிட்டானே, ஏன்னு யோசிச்சீங்களா?"

வெக்காளியம்மன் கோயில் பக்கத்தில்தானே இருக்கிறது என்றாள் மனைவி. உறையூர்க்காரர்களுக்குத் தெரியும், வெக்காளிக்குக் கருவறைக்கு மேல் கூரை கிடையாது. மண்மாரி பொழிந்து ஊர் ஜனங்கள் வீடிழந்து நின்றபோது, எல்லாருக்கும் வீடு கிடைக்கிறவரை எனக்கும் கூரை வேண்டாம் என்று அம்மன் சொல்லிவிட்டதாகக் கதை. வெயிலோ மழையோ வெட்டவெளியில்தான் உட்கார்ந்திருக்கிறாள். வாடகை வீடு தேடுகிறவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான தெய்வம் தமிழ்நாட்டில் வேறில்லை என்பது என் கட்சி. மாமா அதையும் தன் கோப்பில் சேர்த்துக்கொண்டார்: "சாமிக்கே மேல கூரை இல்லாத ஏரியா."

ஆனால் அவருடைய முக்கிய ஆட்சேபம் தெருமுனையில் நின்றது. ஒரு பரோட்டாக் கடை. கடை என்றால் தள்ளுவண்டிக்குக் கொஞ்சம் மேலே, ஓட்டலுக்கு ரொம்பக் கீழே. பெரிய தோசைக்கல், நாலு பிளாஸ்டிக் ஸ்டூல், ஒரு குண்டு பல்பு. மாஸ்டர் இரண்டு கையிலும் தகட்டைப் பிடித்துக் கொத்த ஆரம்பித்தால் டங்கு டங்கு என்று சத்தம் மூன்றாவது தெரு வரை போகும். "இந்தச் சத்தம் கேக்குற தெருவுல குடும்பஸ்தன் இருக்கலாமா? ராத்திரி பதினோரு மணி வரைக்கும் பசங்க நிப்பானுங்க. ஒரு மாதிரி ஏரியா மாப்பிள்ளை, நான் சொல்றதைச் சொல்லிட்டேன்." கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

அவர் சிபாரிசு, கே.கே.நகரைத் தாண்டி அவர் இருக்கும் காலனியிலேயே ஒரு வீடு. அகலமான ரோடு, வரிசையாகப் புங்கமரம், வீட்டுக்கு வீடு கேமரா. அமைதி என்றால் அப்படி ஓர் அமைதி. எனக்கே கொஞ்சம் சபலம் தட்டியது.

மனைவி ஒரு பரிசோதனைக் கூடத்தில் லேப் டெக்னீஷியன். புது வேலையில் பாதி நாள் மதிய ஷிஃப்ட், முடிய ஒன்பது மணியாகும். இரண்டு மாதமாக நாங்கள் இரண்டு ஆண்பிள்ளைகள் பகல் வெயிலில் ஊரின் பாதுகாப்பை அளந்துகொண்டிருந்ததை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒரு நாள் சாயங்காலம், "சித்தப்பா, அந்த டார்ச்சைக் கொடுங்க" என்றாள்.

"எதுக்கும்மா?"

"ராத்திரி ஒன்பதே காலுக்கு பஸ் இறங்கி நடந்து பாக்கப் போறேன். ரெண்டு இடத்துலயும்."

"பொம்பளைப் பிள்ளை ராத்திரியில ஏன் நடக்கணும்?"

"சம்பளம் வேணும்ல."

மாமாவிடம் அதற்குச் சோதனை முறை எதுவும் இல்லை. ஓய்வு பெற்றதிலிருந்து இரவு எட்டு மணிக்குமேல் அவர் தெருவைப் பார்த்ததே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

முதல் நாள் காலனி. பஸ் நிறுத்தத்திலிருந்து வீட்டுக்கு 340 அடி எடுத்து வைத்தாளாம், எண்ணியிருக்கிறாள். மூன்று விளக்குக் கம்பங்களில் இரண்டு எரியவில்லை; எரிந்த ஒன்றைப் புங்கமரம் மூடியிருந்தது. வழியில் ஏழு கேமரா, இருட்டில் ஏழு சிவப்புப் புள்ளிகள். எல்லாம் அவரவர் கார் மேல் கண்ணாக இருந்தன. மனுஷர் என்று ஒருவர் இல்லை. பின்னால் ஒரு பைக் மெதுவாக வந்தபோது எந்தக் கேட்டைத் தட்டுவது என்று பார்த்தாளாம், எல்லாம் உள்பக்கம் பூட்டு. பைக் தன் பாட்டுக்குப் போய்விட்டது, ஒன்றுமில்லை. ஆனாலும் செயின் பறிக்கிறவனுக்கும் ரோடு அகலமாக, ஆள் இல்லாமல், முனையில் திரும்ப வசதியாகத்தானே இருக்கவேண்டும்?

மறுநாள் உறையூர். பஸ்ஸை விட்டு இறங்கி ஐம்பது அடி போவதற்குள் பூக்காரம்மா, "யாரைப் பாக்கணும்?" அயர்ன் வண்டிக்காரர் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, "யாரும்மா, புதுசா இருக்கு?" பரோட்டாக் கடையில் நின்ற பையன்களில் ஒருவன், "மாடி போர்ஷனா அக்கா? கீழ பாட்டி தூங்கியிருக்கும், சத்தமா தட்டுங்க." வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் நாலு பேர் விசாரித்துவிட்டார்கள். "டார்ச்சை எடுக்கவே இல்ல. ஆனா ஒண்ணு, இனிமே நான் எத்தனை மணிக்கு வரேன், என்ன புடவை கட்டியிருக்கேன், நாளைக்கு நமக்குச் சண்டை வந்தா என்ன காரணம், எல்லாம் தெருவுக்குத் தெரியும்" என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "பரவாயில்ல" என்றாள்.

திரும்பி வந்ததும் சித்தப்பாவிடம் டார்ச்சைக் கொடுத்தாள். அவர் அதை அமுக்கிப் பார்த்தார். எரியவில்லை. பேட்டரி ஒழுகி வருஷக்கணக்காகியிருக்கும் போலிருக்கிறது.

உறையூரிலேயே பால் காய்ச்சினோம். மாமா வந்தார், மொய் வைத்தார், மொட்டை மாடிக் கதவுத் தாழ்ப்பாளை மூன்று முறை போட்டுத் திறந்து பார்த்தார், சாப்பிட்டுவிட்டுப் பொழுது சாய்வதற்குள் கிளம்பிவிட்டார். சொந்தக்காரர்களிடம் எங்களைப் பற்றிச் சொல்லும்போது ஏரியா பெயரைச் சொல்வதில்லை என்று கேள்விப்பட்டோம். "டவுனுக்குள்ள இருக்காங்க" என்பாராம்.

ஐந்தாறு மாதம் போயிருக்கும். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் எக்ஸெல் சத்தம். "சும்மா இந்தப் பக்கம் வந்தேன்." அடுத்த சனிக்கிழமையும் சும்மா இந்தப் பக்கம். கே.கே.நகரைத் தாண்டி இருப்பவருக்கு உறையூர் எந்தக் கணக்கிலும் இந்தப் பக்கம் ஆகாது. எங்கள் வீட்டில் பத்து நிமிஷம் உட்காருவார். பிறகு கீழே இறங்கி அயர்ன் வண்டிக்காரரிடம் பேச்சு. அவர் வீட்டு மீட்டருக்கு மாமாதான் ரீடிங் எடுத்தவராம், 1991-ல். அத்தை காலமாகி மூன்று வருஷமாகிறது. பெண் பெங்களூரில். காலனியில் மாமா வீட்டு வாசலுக்கு நாலு கேமரா போட்டுக் கொடுத்து, அங்கிருந்தபடியே போனில் பார்த்துக்கொள்கிறாள்.

போன சனிக்கிழமை மணி எட்டே முக்கால். மாமா தெருமுனையில் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். மாஸ்டர் கல்லில் பரோட்டாவைப் பிய்த்துப் போட்டு, வெங்காயத்தைத் தள்ளி, முட்டையை உடைத்து ஊற்றிக் கொத்த ஆரம்பித்த நேரம். பக்கத்து ஸ்டூலில் நான். எதிரே நாலு பையன்கள் நின்றிருந்தார்கள்; அதில் ஒருவன் சற்று முன்புதான் மாமாவின் போனில் எழுத்தைப் பெரிசாக்கிக் கொடுத்திருந்தான். அந்தப் பெரிய எழுத்தில் பெண்ணின் பெயர் வந்தது. காது கேட்காததால் மாமா எப்போதும் ஸ்பீக்கர்தான்.

"அப்பா, எங்க இருக்கீங்க? ஆறு மணியிலேர்ந்து கேமராவுல யாருமே வரல. நீங்களும் வரல."

மாமா என்னைப் பார்த்தார். கல்லைப் பார்த்தார்.

"கோயில்ல இருக்கேம்மா."

"எந்தக் கோயில்?"

"வெக்காளியம்மன்."

இரண்டு தெரு தள்ளித்தான் கோயில், பெரிய பொய்யென்று சொல்ல முடியாது.

"என்னப்பா அது டங்கு டங்குன்னு சத்தம்?"

"பூஜை நேரம்மா, மணி அடிக்கிறாங்க" என்ற மாமா, போனை வேட்டி மடிப்புக்குள் அமுக்கிக்கொண்டு மாஸ்டரைப் பார்த்துச் சைகை காட்டினார், சால்னா கொஞ்சம் தாராளமாக.